சால்வைக்குள் மடித்த மனு

என் கடையின் மூன்றாவது மேசைமேல் பதினேழு சால்வைகள் கிடந்தன. மஞ்சள், பச்சை, ஊதா. எல்லாவற்றுக்கும் ஓரத்தில் பளபளவென்று சரிகை. பன்னீர் தெளித்ததில் மேலே இருந்த நாலைந்து நனைந்திருந்தன. அந்த வாசனையும் வத்தக்குழம்பு வாசனையும் கலந்து, கடைக்குள் கல்யாண வீட்டுப் பந்தி முடிந்த மாதிரி இருந்தது.

அவற்றைப் போர்த்திக்கொண்டவர் போய்விட்டார். தமிழ்நாட்டில் ஒரு கிராமப்புறத் தொகுதியின் எம்.எல்.ஏ. அவர். ஐம்பது வயதிருக்கும். வேட்டி கட்டியிருந்தார், காலில் சாதாரண ரப்பர் செருப்பு.

அவருடைய உதவியாளர் மட்டும் பின்தங்கி நின்று, "அம்மா, இதையெல்லாம் பிளேன்ல ஏத்த முடியாது. நீங்களே யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்றார்.

"போட்டவங்க மனசு நோகாதா தம்பி?"

"போர்த்தினதோட அது முடிஞ்சதும்மா. எந்த ஊருக்குப் போனாலும் இப்படித்தான்."

தன் எண் அச்சடித்த அட்டை ஒன்றைத் தந்துவிட்டு அவரும் போனார். நான் சால்வைகளைப் பெரிய பிளாஸ்டிக் பையில் திணித்து அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு பானை சோறு வடிக்க வேண்டியிருந்தது.

பேச்சு இல்லை, சாப்பாடு மட்டும்

சிங்கப்பூரில் என் கடை இருக்கும் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூன் லே பக்கத்துத் தொழிலாளர் விடுதிகளிலிருந்து நம் ஊர்ப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து சேர்வார்கள். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த எம்.எல்.ஏ.வின் தொகுதிக்காரர்கள். ஒருத்தன் சாப்பிட வந்தான், அவன் அண்ணன் வந்தான், அண்ணனின் மச்சான் வந்தான். இப்படித்தான் ஒரு தொகுதியே என் கடையில் வந்து உட்கார்ந்தது.

தங்கள் எம்.எல்.ஏ. சிங்கப்பூருக்கு வருகிறார், அவருக்கு உங்கள் கடையில் ஒரு வேளை சாப்பாடு போட வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது நான் உடனே சரி என்று சொல்லவில்லை. வெளிநாட்டு அரசியல்காரர் வந்து கூட்டம் போட்டுப் பேச இங்கே அனுமதி வேண்டும். எனக்கு அந்த வம்பு வேண்டாம். கடை என் பெயரில் இருக்கிறது. என் கணவர் கப்பல் பட்டறையில் கை போய் வீட்டோடு உட்கார்ந்த பிறகு நானாக எடுத்து நடத்துகிற கடை. இதுவரை ஓர் அதிகாரியும் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டதில்லை.

"பேச்சு கிடையாது. கோஷம் கிடையாது. கோரிக்கை, அது இதுன்னு ஒருத்தன் வாயத் திறந்தாலும் இலைய எடுத்துடுவேன். சாப்பாடு மட்டும்" என்றேன்.

"சால்வை போர்த்தலாமாம்மா?" என்று கேட்டான் வீரமணி.

"சால்வை பேசுமா? பேசாதுல்ல? போர்த்து."

வீரமணி சாரம் கட்டுகிறவன். உயரத்தில் நின்று வேலை பார்ப்பவன், தரைக்கு வந்தால் சத்தமே வராது. முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கும். மற்றவர்கள் கேலி பேசினால் சிரித்துக்கொண்டே ரசத்தை இன்னொரு முறை வாங்குவான்.

பக்கத்துக் கடை ஹமீது பாய்க்கு அந்த வாரம் நல்ல வியாபாரம். துணிக்கடை அவருடையது. இருபது வருஷமாக எனக்கு அண்டை. "அக்கா, ஒரே சால்வைய ஆளாளுக்கு மாத்தி மாத்திப் போர்த்தினா போதும்லா, நான் ஒண்ணு குடுக்குறேன்னு சொன்னேன். கேக்கமாட்டேங்குறாங்க. ஆளுக்கு ஒண்ணு வேணுமாம். போட்டோ எடுக்கும்போது கலர் மாறணுமாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்படியேதான் நடந்தது. எம்.எல்.ஏ. ஒரு வாய் சாப்பிட்டார், எழுந்து நின்று சால்வை வாங்கினார், போட்டோ எடுத்தார்கள், உட்கார்ந்தார், இன்னொரு வாய். அவர் இலையில் அப்பளம் நமுத்தே போய்விட்டது. போகும்போது என்னிடம், "அம்மா, வத்தக்குழம்பு எங்க அம்மா வச்ச மாதிரி இருக்கு" என்றார். எல்லாரிடமும் சொல்வாராக இருக்கும். ஆனாலும் அவர் குழம்பை இரண்டு தடவை வாங்கியதை நான் பார்த்தேன்.

எங்கள் புளோக்கின் கதை

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஆங் மோ கியோவில் என் வீடு இருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே, நாடாளுமன்ற உறுப்பினர் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் வந்து உட்காருவார். பிளாஸ்டிக் நாற்காலிகள், மின்விசிறி, வரிசை எண். நம் எண் வந்தால் போய்ச் சொல்ல வேண்டும். தொண்டர்கள் இங்கிலீஷில் கடிதமாக அடித்துக் கையெழுத்து வாங்கி அனுப்புவார்கள். நான் ஒரே ஒரு தடவைதான் போனேன். அதுவும் எனக்காக இல்லை. மழை பெய்தால் வழுக்குகிற ஒரு படிக்கட்டுக்குக் கைப்பிடி வேண்டும் என்று.

அங்கே என் முன்னால் ஒரு சீனக் கிழவர் இருந்தார். எழுந்து போய் எல்லார் முன்னாலும் அழுதார். என் எண் வந்தபோது நான் நின்றபடியே சொன்னேன். "படிக்கட்டு வழுக்குது. கைப்பிடி வேணும். அவ்வளவுதான்." உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. சில வாரங்களில் கைப்பிடி வந்தது. இன்றுவரை அதை நான் பிடித்து ஏறியதில்லை.

எதற்குச் சொல்கிறேன் என்றால், கேட்பது எனக்குப் பிடிக்காது. அதனால் பிறர் கேட்பதும் என் கடையில் வேண்டாம் என்று வாயை அடைத்துவிட்டேன். கேட்டே ஆக வேண்டியவன் ஒருத்தன் அந்த இலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான் என்பது எனக்குத் தெரியாது.

ஊதாச் சால்வை

இரண்டு வாரமோ மூன்று வாரமோ கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, பையைப் பிரித்தேன். தோ பாயோவில் இருக்கும் என் மகள், கோயிலில் அன்னதானத்துக்கு வரும் முதியவர்களுக்குக் கொடுக்கலாம் என்றிருந்தாள். நனைந்ததில் பூசணம் பிடிக்கும் முன்பு உதறி வைக்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன்.

ஊதாச் சால்வை மட்டும் பிரிக்காமல் மடித்தபடியே இருந்தது. தோளில் போர்த்தாமல் கையில் கொடுத்தது. உதறினேன். நாலாக மடித்த ஒரு தாள் விழுந்தது.

கோடு போட்ட தாள், நீலப் பேனா. பன்னீர் இறங்கி எழுத்தெல்லாம் ஊறிப் பரவியிருந்தது. கடைசியில் கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. வீ-ர-ம-ணி.

எனக்குப் படிப்பு என்று பெரிதாகக் கிடையாது. அதை இந்தப் பத்திரிகைத் தொடரிலேயே முன்பு எழுதியிருக்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல், கோயிலில் ஞாயிறு காலை நடந்த வகுப்பில் கற்ற எழுத்து. இப்போது இதையும் நான்தான் எழுதுகிறேன். ஒற்றெழுத்தைப் பத்திரிகைப் பிள்ளைகள் சரிசெய்கிறார்கள், மற்றதெல்லாம் என்னுடையது. ஆனால் ஒரு பக்கம் படிக்க எனக்கு ஒரு பானை சோறு வேகிற நேரம் ஆகும்.

வீரமணிக்குப் போன் போட்டேன். அணைந்து கிடந்தது. வேலை இடத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாயங்காலம்தான் கொடுப்பார்கள். அட்டையைத் தேடி எடுத்து உதவியாளருக்குப் போட்டு, சால்வைக்குள் மனு மாதிரி ஒரு தாள் இருந்தது என்றேன்.

"மனுவா? நாளைக்குக் காலைல ஐயா சட்டசபையில பேசறார்மா. பாலம், ரோடு, ஆஸ்பத்திரி பத்தியெல்லாம் பேசறது நாளையோட சரி. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள வந்தா சேர்த்துக்கலாம். போட்டோ எடுத்து அனுப்புங்க."

ஹமீது பாயைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். அனுப்பினோம். உடனே பதில் வந்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லையாம். உண்மைதான். தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, பேனா அழுத்திய தடத்தைப் பார்த்தால்தான் புரிந்தது. பாய்க்குக் கண்ணில் புரை. அவரால் முடியவில்லை.

"அக்கா, நீங்க படிங்க. நான் போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்புறேன்லா."

வாயில் வந்த பிறகு

கடை வாசலில், வெயில் விழும் இடத்தில், தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் போனை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

"மாண்... மாண்புமிகு ஐயா அவர்களுக்கு. எங்கள் ஊர் ஆற்றுக்கு அக்கரையில் உள்ளது. தரைப்பாலம்தான். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் மேலே போகும். ஆம்புலன்ஸ் இக்கரையிலேயே நின்றுவிடும்..."

இப்படியே எழுத்துக் கூட்டிப் போனேன். அவன் மனைவி மறுபடி மாசமாக இருக்கிறாள். கார்த்திகையில் நாள். பாலம் அதற்குள் வராது என்று தனக்குத் தெரியும். மழைக்கு முன்பே அவளை இக்கரைக்குக் கொண்டுவந்து அரசு ஆஸ்பத்திரியில் வைத்திருக்க ஐயா ஏற்பாடு செய்ய வேண்டும். கேட்டது அவ்வளவுதான். இக்கரையில் அவர்களுக்குச் சொந்தம் என்று யாருமில்லை.

படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கண் முன்னால் ஓடும். வேண்டாத இடம் வந்தால் தாண்டிவிடுவார்கள். நான் ஓர் எழுத்துக்கு அடுத்த எழுத்து என்று போகிறவள். வாயில் வந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரியும்.

"போன வருடம் வலி எடுத்து... கரையில்... தண்ணீர் இறங்கக் காத்திருந்தபோது... பிறந்த என் மகன்... அங்கேயே..."

நின்றேன். பாய் என்னைப் பார்த்தார். போன வருஷம் வீரமணிக்குப் பையன் பிறந்திருக்கிறான் என்று இந்தக் கடையே லட்டு தின்றது. கேட்டு வாங்கித் தின்றார்கள். பாய் கடையில்தான் அவன் சின்னச் சட்டைகள் இரண்டு வாங்கினான். அதன் பிறகு வாராவாரம் யாராவது, "பையன் எப்படிடா இருக்கான்?" என்பார்கள். "நல்லா இருக்கான்" என்பான். நானும் கேட்டிருக்கிறேன், ரசம் ஊற்றிக்கொண்டே.

மிச்சத்தையும் படித்து முடித்தேன். "இங்கே யாருக்கும் இது தெரியாது. ஐயாவும் சொல்ல வேண்டாம்" என்று அவன் எழுதியிருந்தானா என்று தேடினேன். எழுதவில்லை. எம்.எல்.ஏ. சபையில் பேசுவார், அந்தப் பேச்சு போனில் வரும், பூன் லே விடுதியில் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பார்கள் என்று அவன் நினைத்திருக்க மாட்டான்.

பாய் மெதுவாகக் கேட்டார். "அக்கா, அந்த இடத்த விட்டுட்டு வேற ஒண்ணு பதிவு பண்ணலாமா?"

யோசித்தேன். பாலம் இல்லை என்று எந்த ஊர்தான் சொல்லாது? உதவியாளர் பையில் அப்படி எத்தனை மனு கிடக்கும்? அந்த இடத்தை எடுத்துவிட்டால் இதுவும் அவற்றோடு ஒன்று. மாற்றிப் படிக்க நேரமும் இல்லை என்று சொல்லலாம், ஆனால் அது உண்மையில்லை. நேரம் இருந்தது.

"அனுப்புங்க பாய்" என்றேன்.

சாயங்காலம் வீரமணி கூப்பிட்டான். மனு சால்வையோடு இங்கேயே கிடந்தது, இன்று அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். "நல்லதுமா" என்றான். படித்தீர்களா என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது தப்பு.

சபையில் இரண்டு நிமிடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பந்தியில் ஒருத்தன் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, "நம்ம ஆளு பேசறார்டா!" என்று கத்தினான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வீரமணி இரண்டாம் மேசையில், சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தான். நான் அடுப்பங்கரையிலிருந்து வருவதற்குள் ஆரம்பித்துவிட்டது.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே! என் தொகுதியில் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஒரு கிராமத்தில், சென்ற மழைக்காலத்தில் ஒரு தாய், தண்ணீர் இறங்கட்டும் என்று கரையில் காத்திருந்தபோதே பிள்ளையைப் பெற்றார். அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. தகப்பன் சிங்கப்பூரில் சாரம் கட்டும் தொழிலாளி வீரமணி..."

அதற்கு மேல் அவர் பேசியது என் காதில் விழவில்லை. ஊர்ப் பெயரையும் சொன்னார் என்று பிறகு சொன்னார்கள்.

யாரோ போனைக் கவிழ்த்தார்கள். இலையில் கை வைத்தவர்கள் வைத்தபடி இருந்தார்கள்.

வீரமணி எழுந்து போய்க் கை கழுவினான். திரும்பி வந்து என் முன்னால் நின்றான்.

"நீங்க படிச்சீங்களாம்மா?"

"ஆமா."

"முழுசாவா?"

"முழுசா. சத்தமா."

"எழுதினப்புறம் என்னாலயே திருப்பிப் படிக்க முடியல. அப்படியே மடிச்சு வச்சேன்."

அவனுக்குப் பின்னாலிருந்து ஒருத்தன், "ஏன்டா எங்ககிட்ட சொல்லல?" என்றான். கோபமாகத்தான் கேட்டான்.

வீரமணி திரும்பினான். "பையனா பொண்ணான்னு கேட்டீங்க. பையன்னேன். லட்டு கேட்டீங்க. வாங்கிட்டு வந்தேன். அதுக்கு நடுவுல எங்கடா சொல்றது?"

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "உன்கிட்ட கேட்டுட்டு அனுப்பியிருக்கணும். கேக்கல. கேட்டா நீ வேணாம்னு சொல்லுவே" என்றேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். இலையில் சோறு பாதி இருந்தது. அன்று அந்த இலையை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் நான்தான் எடுத்தேன்.

ஐப்பசி, கார்த்திகை

அதன் பிறகு நாலைந்து ஞாயிறு அவன் வரவில்லை. பிள்ளைகள் தகவல் சொன்னார்கள். பாலத்துக்கு, அரசின் பரிசீலனையில் இருக்கிறது என்று அமைச்சர் பதில் சொன்னாராம். ஆனால் எம்.எல்.ஏ. அதோடு விடவில்லை. மாவட்ட அதிகாரியைப் பிடித்து, அக்கரைக் கிராமத்தில் மாசமாக இருந்த பெண்கள் மூன்று பேரையும் ஐப்பசிக்கு முன்பே டிராக்டரில் இக்கரைக்குக் கொண்டுவர வைத்தார். ஆஸ்பத்திரியை ஒட்டி ஓர் அறை, கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு. வீரமணியின் மனைவி முதலில் மாட்டேன் என்றாளாம். ஆடு இரண்டு இருக்கிறது, யார் பார்ப்பார்கள் என்று. ஆட்டையும் டிராக்டரில் ஏற்றிவிட்டார்களாம். ஆஸ்பத்திரி வாசலில் ஆடு கட்டிக் கிடந்த படத்தை எனக்குக் காட்டினார்கள்.

கார்த்திகையில் தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேலே ஆறு நாள் போனது.

அதில் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தி நடக்கும்போது வீரமணி வாசலில் வந்து நின்றான்.

"பொண்ணு" என்றான்.

ஒருத்தரும் உடனே வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? அவனுக்கும் அது புரிந்தது. யாரும் கேட்கும் முன்பே போனை எடுத்து, மேசை மேசையாகப் போய்க் காட்டினான். வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தது. படம் இல்லை, ஓடுகிற படம். அந்தக் கத்தலை ஒவ்வொரு மேசையிலும் அவன் முழுசாகக் கேட்க வைத்தான்.

என்னிடம் வந்தபோது, "அக்கரைக்கு இன்னும் போகலம்மா. தண்ணி இறங்கட்டும்னு இருக்காங்க" என்றான்.

"உக்காரு. இலை போடறேன்" என்றேன்.

இந்த வாரம் இதை எழுதும் முன்பு அவனிடம் கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். "எழுதுங்கம்மா, ஊர்ப் பேரு மட்டும் வேணாம்" என்றான்.

மறுபடி வந்தார்

அந்தக் குழந்தை பிறந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு அந்த எம்.எல்.ஏ. மறுபடி சிங்கப்பூர் வந்தார். மறுபடி என் கடையில்தான் சாப்பாடு. வத்தக்குழம்பு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்.

நான் இந்தத் தடவை எந்தச் சட்டமும் போடவில்லை. சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டுக்கு நடுவே பேசிக்கொள்வதற்கு யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அது எனக்கு முன்பே தெரியும். முன்பு நான் அப்படிப் பார்க்கவில்லை.

வீரமணி அவருக்கு எதிரே உட்கார்ந்தான். கையில் சால்வை இல்லை. எம்.எல்.ஏ. அவனை அடையாளம் கண்டுகொண்டு, "குழந்தை எப்படி இருக்குப்பா?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

"நல்லா இருக்கா சார்" என்றான் வீரமணி. "பாலம் என்னாச்சு?"

எம்.எல்.ஏ. உருட்டிய சோற்றை இலையிலேயே வைத்தார். "மூணு தடவை சபையில கேட்டுட்டேன் வீரமணி. அளந்துட்டுப் போயிருக்காங்க. பிள்ளைத்தாச்சிங்களுக்கு இப்ப பிரச்சினை இல்லையே, வருஷா வருஷம் முன்னாடியே கூட்டிட்டு வந்துடறோம்."

"அது சரி சார்" என்றான். சத்தமாகவே சொன்னான். நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டேன். "எம்பொண்ணு நடக்க ஆரம்பிச்சுட்டா. பள்ளிக்கூடம் இக்கரைலதான் இருக்கு."